அன்றாட வாழ்வில் யோகம்

உலகத்தில் அமைதியை விரும்பாதார் ஒருவருமிலர். ஆயினும் அதனை எய்தினார் மிகச் சிலரே. பரீட்சைக் காலத்தில் நம் விடுதி அறைகளைச் சுற்றிப் பார்ப்போர்க்கு இவ்வுண்மை எளிதிற் புலனாகும். இரவெல்லாம் விழித்துக் கற்றவனுங்கூட, வினாத்தாளைக் கையில் வாங்கியவுடன் நெஞ்சு படபடக்க, நாவுலர, அறிந்த விடையும் மறந்து திகைக்கின்றான். அவனுக்குக் குறைவாயிருப்பது கல்வியன்று. கற்றதை வேண்டும்போது எடுத்துக்கொள்வதற்குரிய மன அமைதியே. அவ்வமைதியைப் பெறுதற்கு யோகநெறி எவ்வாறு துணைசெய்யும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

யோகம் என்றவுடன் காடும் குகையும் சடைமுடியும், அல்லது உடலை முறுக்கி வளைக்கும் அரிய வித்தைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. பதஞ்சலி முனிவரோ, மனத்தின் அலைவுகளை அடக்குதலே யோகம் என வரையறுத்தார். அதற்கு இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என எட்டு உறுப்புக்களும் கூறினார். திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தில் இவ்வெட்டினையும் தமிழில் விளக்கியுள்ளார். இவ்வரிசையில் ஆசனம் மூன்றாவதாகவே நிற்றல் கருதத்தக்கது. இன்னா செய்யாமை, வாய்மை, கள்ளாமை முதலிய இயமங்களும், தூய்மை, மனநிறைவு, நூலோதல் முதலிய நியமங்களும் அதற்கு முன்னே வைக்கப்பட்டன. பிறர் விடையைப் பார்த்தெழுத எண்ணியிருப்பவனுக்கு எந்த ஆசனமும் அமைதி தராது என்பது இதனால் விளங்கும்.

மூச்சுக்கும் மனத்துக்கும் உள்ள உறவை அறிய நாம் நெடுந்தொலை செல்ல வேண்டுவதின்று. பாளையங்கோட்டைச் சாலையிலுள்ள புதுக்கோட்டையினின்று கிழக்கு நோக்கிச் சென்றால் தூத்துக்குடிக் கடலை அடைகின்றோம். கொற்கை முத்தெனப் பண்டு தொட்டுப் புகழ்பெற்ற முத்து விளைந்த கடல் இதுவே. அரசாங்க மேற்பார்வையில் இங்கே இறுதி முத்துக்குளிப்பு நடைபெற்றது 1961-ஆம் ஆண்டிலாகும். அந்நாளிற் குளிப்பவர் கயிற்றிற் கட்டிய கல்லின் பாரத்தாற் பல பாகம் ஆழத்திற்கு இறங்குவர். ஏறக்குறைய ஒரு நிமிடம் மூச்சை அடக்கிச் சிப்பிகளைத் திரட்டுவர். கயிற்றை அசைத்தவுடன் தோணியில் நிற்பவர் மேலே இழுத்துக்கொள்வர். அச்சமுற்றுப் பதறுபவனுடைய உடல் பிராணவாயுவை விரைந்து செலவிடும். அமைதியுடன் இருப்பவனே நெடுநேரம் தாங்குவான். ஆகவே மன அமைதி அவர்க்கு உயிரைக் காக்கும் முதலாக இருந்தது.

இவ்வாறு குளித்தவர் பெரும்பாலும் கத்தோலிக்கப் பரதவரும், கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம்களும் ஆவர். அவர்கள் யோகநூல் கற்றுக் கடலில் இறங்கியவரல்லர். தொழிலே அவர்க்கு மூச்சின் அருமையைக் கற்பித்தது. யோகம் ஒரு சமயத்தார்க்கே உரியதன்றோ என ஐயுறும் நண்பர்க்கு இதுவே நம் விடை. நூல் பிறந்த இடம் யாதாயினும், மூச்சு எல்லார்க்கும் பொது.

மூச்சின் இயல்பை உடல்நூலார் பின்வருமாறு விளக்குவர். மூச்சை அடக்கும்போது நமக்கு உண்டாகும் தவிப்பு, பெரும்பாலும் இரத்தத்திற் கரியமிலவாயு மிகுவதால் வருவது; அஃது உடல் நமக்கு விடுக்கும் எச்சரிக்கை. நீரில் மூழ்குமுன் பன்முறை வேகமாக மூச்சுவிட்டால் அவ்வாயு குறைந்துபோகும். எச்சரிக்கை காலந்தாழ்த்து வரும். அதற்குள் பிராணவாயு குன்றி, நீரினுள்ளேயே மயக்கம் நேரும். வலிந்து செய்யும் பயிற்சி கேடு விளைக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? மற்றொன்றை நாமே சோதித்தறியலாம். மணிக்கட்டில் விரல் வைத்து அமைதியாக மூச்சுவிட்டுப் பார்ப்போமாயின், உள்ளிழுக்கும்போது நாடி சற்று விரைதலையும், வெளிவிடும்போது சற்றுத் தளர்தலையும் நம்மிற் பலர் உணரலாம். நெடிது வெளிவிடும் மூச்சு நெஞ்சின் படபடப்பைத் தணிப்பது இக்காரணம் பற்றியே.

இனி, இதனை நம் நாள்வாழ்விற் பொருத்துவோம். ஆசனம் உறுதியும் சுகமும் உடையதாதல் வேண்டும் என்பது பதஞ்சலியார் கருத்து. வகுப்பிலும் படிப்பு மேசையிலும் முதுகு நிமிர்ந்து, தோள் தளர்ந்து உட்காருதலே நமக்கு முதல் ஆசனம். வினாத்தாளைப் பிரிக்குமுன் நான்கு எண்ணி மூச்சை உள்வாங்கி, ஆறு எண்ணி வெளிவிடுக; இடையில் அடக்க வேண்டுவதின்று. பத்து முறை செய்தற்கு இரண்டு நிமிடமும் ஆகாது. புலன்களை வெளியினின்று மீட்டல் பிரத்தியாகாரம். கைப்பேசியை மற்றோர் அறையில் வைத்துவிட்டுக் கற்க உட்காருதலே இக்காலத்து மாணவர்க்கு உரிய பிரத்தியாகாரம். அரைமணி நேரம் ஒரே பாடத்தில் மனத்தை நிறுத்துதல் தாரணை. மனம் ஓடுந்தோறும் சினவாது திருப்பிக் கொணர்தலே அதன் பயிற்சி.

இல்லறத்தார்க்கும் தொழில் செய்வார்க்கும் யோகம் இயலும் என்பதற்கு வேதாத்திரி மகரிஷி (1911–2006) நல்ல எடுத்துக்காட்டு. கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்திற் பிறந்த இவர், 1958-ஆம் ஆண்டில் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவி, எளிய உடற்பயிற்சியும் தியானமும் கற்பித்தார். அவற்றோடு ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்னும் தற்சோதனைகளையும் சேர்த்தார். இன்று நாம் யார்மீது சினந்தோம், எதன்பொருட்டு, அதனால் எய்திய பயன் யாது என்று இரவில் ஒருசிறிது எண்ணிப் பார்ப்பது நமக்கும் அரிதன்று. சினந்த காரணம் பெரும்பாலும் அற்பமாயிருத்தலைக் கண்டு நாமே நாணுவோம். அந்நாணமே மறுநாள் நம்மைக் காக்கும்.

ஆயினும் ஒன்று கூறாதுவிடலாகாது. நெஞ்சுநோய், மிக்க இரத்த அழுத்தம் முதலியன உடையார் மருத்துவரைக் கேளாது மூச்சடக்கும் பயிற்சிகளை மேற்கொள்ளலாகாது. உறக்கமும் உணவும் வெறுத்துத் துயரில் ஆழ்ந்த நண்பனிடம், யோகம் செய் என்று மட்டும் சொல்லி அகலுதலும் முறையன்று. அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதலும் உடனிருத்தலுமே நாம் செய்யத்தக்கன. அதுவும் இன்னா செய்யாமை என்னும் முதல் இயமத்தின்பாற்பட்டதேயாம்.

அமைதி ஒருநாளிற் கிடைப்பதன்று. முத்துக்குளிப்பவரும் முதல்நாளே ஆழத்திற்குச் சென்றாரல்லர். கரையருகே பழகிப் பழகியே கடலை அறிந்தனர். நாமும் நிமிர்ந்த இருக்கை, நெடிய மூச்சு, இரவில் ஒரு தற்சோதனை என்னும் இம்மூன்றையேனும் இன்றே தொடங்குவோமாக. பரீட்சை வரும்வரை காத்திருத்தல் வேண்டா.