செலவு குறைந்த எலிக் கிட்டி: தேர்ந்தெடுப்பது எப்படி?

நெற்பயிரில் கதிர் வந்த பிறகு, எலி வெட்டுவதைக் கண்டு விஷ மருந்து தேடி ஓடும் விவசாயிகள் பலர். அது காலங்கடந்த முயற்சியாகும். வயலில் பால் பிடித்த கதிர் நிற்கும்போது, எலி நச்சுணவை எளிதில் நாடாது.

செலவு குறைந்த கருவி, காவிரிப் பாசனப் பகுதியில் வழிவழியாகப் பயன்பட்டுவரும் தஞ்சாவூர் கிட்டியே ஆகும். மூங்கிலும் கயிறும் கொண்டு வில் போல் செய்யப்படும் இதில் நஞ்சு இல்லை. நஞ்சுண்ட எலியைத் தின்பதால் ஆந்தை, நாய் ஆகியவற்றுக்கு நேரும் ஆபத்தும் இல்லை. பிடிபட்ட எலிகளை எண்ணிப் பார்த்து, பலனையும் அறியலாம்.

வாங்கும்போது மூங்கிலில் வெடிப்போ பூச்சித் துளையோ உள்ளதா எனப் பார்க்கவும். வில்லை வளைத்து விட்டால் சட்டென்று நிமிர வேண்டும். கயிறு நைந்திருந்தால் மாற்றிக் கொள்ளவும்.

ஏக்கருக்கு 40 கிட்டிகள் தேவை. வரப்போரத்தில், புதுமண் தள்ளிய வளைகளின் அருகே மாலையில் வைத்து, காலையில் எடுத்துவிட வேண்டும். இரையாக அரிசிப்பொரி வைக்கலாம்.

ஒருவர் மட்டும் கிட்டி வைத்தால் அடுத்த வயல் எலி வந்து குடியேறிவிடும். எனவே, ஊரார் ஒன்றுகூடி, நடவுக்கு முன்பும் இளம்பயிர்ப் பருவத்திலும் ஒரே சமயத்தில் வைக்க வேண்டும். கூட்டாக வாங்கினால் ஒவ்வொருவர் செலவும் குறையும்.

வரப்பைக் குறுக்கி வெட்டினால் எலி வளை தோண்ட இடம் குறையும். ஆந்தை அமர ஏக்கருக்கு 16 முதல் 20 குச்சிகள் நட்டால், இரவுக் காவலுக்குக் கூலியில்லா ஆள் கிடைத்த மாதிரியாகும்.