உடலே சான்று: தாய்லாந்துச் சண்டைப்படங்களும் தமிழ்த்திரையில் அடிமுறையும்

ஆய்வுச்சுருக்கம்

குமரி மாவட்டத்தின் அடிமுறையும் வர்மக்கலையும் தமிழ்த் திரைப்படங்களில் பெயராலும் கதையாலும் இடம்பெற்ற அளவுக்கு உடலசைவால் இடம்பெறவில்லை. இதன் காரணத்தைக் குறைந்த செலவில் உருவான தாய்லாந்துச் சண்டைப்படங்களோடு ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது. அப்படங்களின் படப்பிடிப்பு முறை அடிமுறையை ஆவணப்படுத்தப் பயன்படும் என்பதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: அடிமுறை, வர்மம், களரி, சுவடு, முவாய் போரான், சண்டைக்காட்சி

முன்னுரை

தோவாளை, அகஸ்தீசுவரம் வட்டங்களைக் கொண்ட நாஞ்சில்நாடும் அதன் மேற்கிலுள்ள கல்குளம், விளவங்கோடு பகுதிகளும் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தன. அதுவரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த இப்பகுதியின் தற்காப்புக் கலையே அடிமுறை. கேரளத்தார் இதனைத் ‘தெக்கன் களரி’ என்பர். களரிப்பயிற்று பற்றிய பிலிப் ஸாரில்லியின் நூலும் (1998), குமரி மாவட்டக் களப்பணியை அடிப்படையாகக் கொண்டு வர்மக்கலையை ஆராய்ந்த ரோமன் சீலரின் நூலும் (2015) இத்துறையில் குறிப்பிடத்தக்கவை. எனினும் பொதுமக்கள் இக்கலையைப் பெரிதும் திரைப்படம் வழியாகவே அறிகின்றனர். ஆகவே திரை எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பது ஆய்வுக்குரியதாகிறது.

அடிமுறையும் வர்மமும்

அடிமுறைப் பயிற்சி சுவடுகளில் தொடங்குகிறது. மாணவர் தனியே பழகுவது ஒற்றைச்சுவடு; எதிராளியோடு பழகுவது கூட்டச்சுவடு. இவை காலும் கையும் உடலும் முழுமையாக இயங்குபவை, கண்ணுக்குத் தெரிபவை. வர்மமோ மறைவானது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 வர்மங்களை மரபு கணக்கிடுகிறது. அவற்றை ஆசான், தாம் நம்பும் மாணவருக்கு மட்டுமே காலம் கனிந்தபின் சொல்லித்தருவார். தாக்கும் இடம் அறிந்தவரே இளக்கும் முறையும் எலும்பு முறிவு மருத்துவமும் அறிந்தவராக இருப்பது இம்மரபின் சிறப்பு. காணத்தக்க பகுதி, காக்கத்தக்க பகுதி என்னும் இவ்வேறுபாடு பின்வரும் ஒப்பீட்டிற்கு இன்றியமையாதது.

தாய்லாந்துப் படங்களின் முறை

தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்த பன்னா ரித்திக்ராய், தம் சண்டைக் குழுவைக் கொண்டு 1980களிலிருந்தே சிறு முதலீட்டில் படங்கள் எடுத்துவந்தார். அக்குழுவில் வளர்ந்த டோனி ஜா, பிரச்யா பிங்கேவ் இயக்கிய ‘ஓங்-பாக்’ (2003) படத்தில் நாயகனானார். கிராமக் கோயிலிலிருந்து திருடப்பட்ட புத்தர் சிலையின் தலையை மீட்கச் செல்லும் இளைஞனின் எளிய கதை அது. தாய்லாந்தின் பழைய போர்க்கலையான முவாய் போரானே அதன் ஈர்ப்பு. கம்பி இல்லை, கணினி வரைகலை இல்லை, மாற்றுக் கலைஞர் இல்லை என்பதே அப்படத்தின் விளம்பரமாயிற்று.

இக்கூற்றை மெய்ப்பிக்கும் வகையிலேயே படக்கருவி இயங்குகிறது. முழு உடலும் சட்டகத்துள் தெரிகிறது. அரிய பாய்ச்சல் ஒன்று நிகழ்ந்ததும் அதே செயல் வேறு கோணத்தில் மீண்டும் காட்டப்படுகிறது. ‘டோம் யம் கூங்’ (2005) படத்தில் உணவகப் படிகளில் ஏறிக்கொண்டே நடக்கும் சண்டை ஏறத்தாழ 4 நிமிடம் வெட்டின்றி நீள்கிறது. ஜீஜா யானின் நடித்த ‘சாக்லேட்’ (2008) படத்தின் இறுதியில் படப்பிடிப்பில் நேர்ந்த காயங்களே காட்டப்படுகின்றன. இவை அனைத்திலும் படக்கருவி சாட்சியாக நிற்கிறது. நாயகனும் சண்டைக்கலைஞனும் ஒருவரே என்பதனாலேயே இது இயல்வதாயிற்று. எனினும் இப்படங்களின் சண்டையும் ஒத்திகை செய்யப்பட்டதே. இவற்றின் ‘பழைமை’யிலும் தேசியப் பெருமித நோக்கு கலந்துள்ளது என்பதை மறத்தலாகாது.

தமிழ்த்திரையில்

‘இந்தியன்’ (1996) படத்தில் முதியவர் விரல்களால் எதிராளியை முடக்குகிறார். ‘ஏழாம் அறிவு’ (2011) நோக்குவர்மத்தை மனத்தை வசப்படுத்தும் ஆற்றலாகக் காட்டுகிறது. அதன் எதிர்நாயகனான ஜானி டிரி நுயன், ‘டோம் யம் கூங்’ படத்திலும் டோனி ஜாவோடு மோதியவர். ஒரே கலைஞர் அங்கு உடல்வலிமையாலும் இங்குப் பெரும்பாலும் பார்வையாலும் அச்சுறுத்துகிறார். இருவகைத் திரைமரபுகளின் வேறுபாட்டை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது. ‘பட்டாஸ்’ (2020) அடிமுறையையே கதைப்பொருளாக்கியது. சினேகா ஏற்ற பாத்திரத்தின் பெயரே கன்னியாகுமரி. அடிமுறை என்னும் சொல்லைப் பரவலாக்கியது அப்படத்தின் பங்களிப்பு.

ஆயினும் தமிழ்ச் சண்டைக்காட்சி பெரிதும் நட்சத்திரத்தை உயர்த்தும் பொருட்டே அமைகிறது. நட்சத்திரத்தின் முகமும் ‘டூப்’ கலைஞரின் உடலும் ஒன்றெனத் தோன்றுவதற்குப் படத்தொகுப்பின் வெட்டு தேவைப்படுகிறது; ‘ரோப்’ அதற்குத் துணைசெய்கிறது. சுவடோ வெட்டினால் சிதைவது. அடுத்த அடியை முந்தைய அடியே தீர்மானிப்பது. எனவே அடிமுறையின் காணத்தக்க பகுதி திரையில் துண்டாகிறது. காக்கத்தக்க வர்மமோ மாயவித்தையாகப் பெருகுகிறது. இரண்டிற்கும் இடைப்பட்ட மருத்துவம் பெரும்பாலும் விடுபடுகிறது. தமிழ்ச் சண்டைக்கலைஞர்களின் உழைப்போ இடரோ குறைவு என்பது இதன் பொருளன்று. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டப் படப்பிடிப்பொன்றில் ஒரு கலைஞர் உயிரிழந்தார். அவ்வுழைப்பு எவருடையது என்பதைத் திரை மறைக்கிறது என்பதே இங்குக் கருத்து.

ஆவணப்படுத்தலுக்கான வழி

ஆசான்களின் நினைவிலும் உடலிலும் உள்ள சுவடுகளைப் பதிவுசெய்ய முனைவோர் தாய்லாந்துப் படங்களிடமிருந்து மூன்று நெறிகளைக் கொள்ளலாம்: முழு உடலும் தெரியும் சட்டகம், சுவடு முடியும்வரை வெட்டாத காட்சி, அதே சுவட்டின் மறுகோணப் பதிவு. இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வர்ம இடங்களைப் பதிவதோ தவிர்ப்பதோ ஆசானின் இசைவுக்கு உட்பட்டதாக இருத்தல் வேண்டும்.

முடிவுரை

• தாய்லாந்துப் படங்களில் கலை உடலால் மெய்ப்பிக்கப்படுகிறது. தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் கதையால் அறிவிக்கப்படுகிறது.
• இவ்வேறுபாட்டின் அடிப்படை முதலீட்டின் அளவன்று. யாருடைய உடலை நாயகனாக நிறுத்துவது என்னும் தெரிவே.
• திரைப்படங்கள் அடிமுறை பற்றிய மக்கள் கற்பனைக்குச் சான்றாகலாம், அடிமுறைக்குச் சான்றாகா. அதனைக் களரியிலேயே தேடுதல் வேண்டும்.