காவிரிச் சிக்கல் ஒரு கட்சியின் பிழையா?

நாட்டில் ஒரு துன்பம் நேர்ந்தவுடன், "இதற்கெல்லாம் இன்ன கட்சியே காரணம்" என்று சொல்லிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. சொல்பவர்க்கு அது ஆறுதல் தருகிறது. கேட்பவர்க்கும் எளிதில் விளங்குகிறது. ஆயினும் அக்கூற்று மெய்தானா என்பதைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும். அதற்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாம் வாழும் மைசூர் நகரிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் உள்ள கிருஷ்ணராஜ சாகர அணையையே உரைகல்லாகக் கொள்வோம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம், மழை பொய்த்த ஆண்டுகளில் கன்னட நாளேட்டையும் தமிழ் நாளேட்டையும் அருகருகே வைத்துப் படிப்பதுண்டு. ஒன்றில், சென்னையில் ஆளும் கட்சியே கேட்டினை விளைத்தது என்ற பேச்சு வந்திருக்கும். மற்றொன்றில், பெங்களூரில் ஆளும் கட்சி அவ்வாறு ஏசப்பட்டிருக்கும். பெயர்களை மட்டும் மாற்றினால் இரண்டும் ஒரே பேச்சுத்தான்.

இவ்வழக்கின் வயது என்ன? மைசூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் காவிரி பற்றி முதல் உடன்படிக்கை செய்துகொண்டது 1892இல். கண்ணம்பாடியில் அணை கட்டும் வேலை 1911இல் தொடங்கியபோது பூசல் மீண்டும் மூண்டது. நடுவர் தீர்ப்பு, மேல் முறையீடு எனப் பல ஆண்டுகள் கழிந்தபின், 1924இல் இரண்டாம் உடன்படிக்கை உண்டாயிற்று. அதன் பயனாகவே இங்குக் கிருஷ்ணராஜ சாகரமும், அங்கு 1934இல் மேட்டூர் அணையும் நிறைவெய்தின. இவ்விரு உடன்படிக்கைகளின் காலத்தில் மைசூரை ஆண்டவர் மன்னர். சென்னையை ஆண்டவர் ஆங்கிலேயர். இன்று நாம் ஏசுகின்ற கட்சிகளுள் எதுவும் அன்று ஆட்சிபுரியவில்லை.

சிக்கலின் வேர் பருவங்களின் முரணில் இருக்கிறது. குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதத்தில்தான் தொடங்கும். தஞ்சைக் கழனிகளில் குறுவைக்கு நீர் வேண்டுவதும் அதே ஜூன் மாதத்தில்தான். மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாள் திறப்பது மரபு. மண்டியா உழவரோ, முதலில் தம் அணை நிரம்பட்டும் என்று காத்திருப்பர். மழை மிகுந்தால் உபரி நீர் தானே கீழே செல்லும்; வழக்கு உறங்கும். மழை குறைந்தால், ஒரே நீருக்கு ஒரே மாதத்தில் இருவர் கை நீட்டுவர்.

இனிக் கட்சிகளைச் சோதிப்போம். 1967 வரை தில்லியிலும் மைசூரிலும் சென்னையிலும் ஆண்டது காங்கிரசு ஒன்றே. 1924ஆம் ஆண்டு உடன்படிக்கையின் சில விதிகளை ஐம்பதாண்டுகள் கழித்து மறுபரிசீலனை செய்ய வேண்டியிருந்தது. மூன்று இடத்திலும் ஒரே கட்சி இருந்தும் அதற்கான இணக்கம் உண்டாகவில்லை. பின்வந்த வறட்சிகளைப் பாருங்கள்: 1995இல் கர்நாடகத்தில் ஜனதா தளம், 2002இல் காங்கிரசு, 2012இல் பாரதிய ஜனதா, 2016இல் மீண்டும் காங்கிரசு. ஆண்டவர் மாறினர், பூசல் மாறவில்லை. 2023இல் தமிழ்நாட்டில் ஆண்ட தி.மு.க.வும் கர்நாடகத்தில் ஆண்ட காங்கிரசும் தோழமைக் கட்சிகள். அவ்வாண்டும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

அப்படியாயின் கட்சிகள் குற்றமற்றவையா? அன்று. "யார் மீதும் பழியில்லை" என்பது "எல்லாப் பழியும் ஒருவர்க்கே" என்பதைப் போலவே பொய்யாகும். சிக்கலை ஒரு கட்சி உண்டாக்கவில்லை. ஆயினும் தன் முறை வந்தபோது ஒவ்வொரு கட்சியும் என்ன செய்தது என்று கேட்கலாம். நடுவர் மன்றம் 1991இல் 205 டி.எம்.சி. நீர் விடுமாறு இடைக்கால ஆணை பிறப்பித்தது, ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. அதனைச் செல்லாததாக்க பங்காரப்பா தலைமையிலான காங்கிரசு அரசாங்கம் அவசரச் சட்டம் இயற்றியது. உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்கவில்லை. 2007இல் வந்த இறுதித் தீர்ப்பு மத்திய அரசிதழில் வெளியாக 2013 ஆயிற்று. அப்பொழுது தில்லியில் இருந்தது காங்கிரசுத் தலைமையிலான கூட்டணி. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75 டி.எம்.சி. எனப் பங்கிட்டு, அதனை நிறைவேற்றும் திட்டத்தை ஆறு வாரங்களில் வகுக்கச் சொன்னது. பாரதிய ஜனதா ஆட்சி அத்தவணையைக் கடத்தியது. கர்நாடகத் தேர்தல் முடிந்தபின், ஜூன் மாதத்தில்தான் திட்டம் அரசிதழில் வந்தது. மண்டியாவில் கரும்பும் நெல்லும் எவ்வளவு பயிரிடுவது என்பது கர்நாடக அரசாங்கத்தின் பொறுப்பு. தஞ்சை வாய்க்கால்களைத் தூர்வாருவது தமிழ்நாட்டு அரசாங்கத்தின் பொறுப்பு. கழகங்கள் இரண்டுமே இதற்கு விடை கூற வேண்டியவை.

இந்த வேறுபாட்டை ஏன் இத்துணை வற்புறுத்துகிறோம்? பழி ஒரு கட்சியின் பெயரில் தொடங்கி, மெல்ல ஒரு மொழியின் பெயராக மாறிவிடுகிறது. 1991 டிசம்பரில் பெங்களூரிலும் மைசூர் வட்டாரத்திலும் நிகழ்ந்தது அதுவே. வீடிழந்து வெளியேறிய தமிழர் பலர் கூலிவேலை செய்தோர். அவர்கள் எந்த அணையின் மதகையும் மூடியவர்கள் அல்லர், திறந்தவர்களும் அல்லர்.

ஆதலின் அடுத்த முறை மழை பொய்க்கும்போது, "எந்தக் கட்சி?" என்பதற்கு முன் வேறு சில கேள்விகளைக் கேட்போம். அணைகளில் இன்று நீர் எவ்வளவு? பற்றாக்குறையை எந்த விகிதத்தில் பகிர்வது என்று முன்கூட்டியே முடிவாயிற்றா? ஆகவில்லையெனில், முடிவைத் தள்ளிப்போட்டவர் யார்? இவற்றுக்கு விடை தேடினால் ஒரு கட்சியின் பிழை வெளிப்படலாம். பலவற்றின் பிழையும் வெளிப்படலாம். எதுவாயினும் அது நாம் சான்றுடன் கண்ட பிழையாக இருக்கும். அத்தகைய பிழைக்கே வாக்குச் சாவடியில் விடை கேட்க முடியும்.