கரிசல் வெடிப்பும் குடல் சுவரும்

சித்திரை வெயிலில் ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் காட்டில் தரையைப் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் களி ஊதி, வெடிப்பு தானாக மூடிக்கொள்ளும்.

எச்.ஐ.வி. கிருமி குடலில் செய்வதும் இப்படியொரு வெடிப்புதான், மூடிக்கொள்வதில்தான் வேறுபாடு. நம் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பகுதி குடல் சுவரில் இருக்கிறது. தொற்றிய சில வாரங்களிலேயே கிருமி அங்குள்ள சிடி4 என்ற எதிர்ப்பு அணுக்களைக் கூட்டம் கூட்டமாக அழிக்கிறது. சுவர் தளர, பாக்டீரியாத் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. உடல் ஓயாத அழற்சியில் கனல்கிறது.

கிருமியை அடக்கும் கூட்டு மருந்தை (ஏ.ஆர்.டி.) 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாகத் தருகிறது. தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனை முதல் மையங்களுள் ஒன்று. நாள் தவறாமல் விழுங்கினால், பரிசோதனையில் அகப்படாத அளவுக்குக் கிருமி குறையும். அந்த நிலையில் நீடிப்பவரிடமிருந்து உடலுறவு வழியே யாருக்கும் தொற்றுவதில்லை. ஆனாலும் வெடிப்பு முழுதாக மூடுவதில்லை. மிச்சக் கனல் இதயக் குழாய்களைக் கெடுக்கிறது.

மாத்திரை அல்லாத வைத்தியத்துக்கு இங்கேதான் வேலை. கம்பும் பாசிப்பயறும் கிருமியைக் கொல்லாது. ஆனால் அவற்றின் நாரைக் குடல் பாக்டீரியா புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலமாக்கும். பெருங்குடல் சுவரணுக்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். நடக்கும்போது தசைகள் அழற்சியைத் தணிக்கும் பொருள்களைச் சுரக்கின்றன. பீடிதான் பெரிய எதிரி: சிகிச்சையில் இருப்போரிடம் எச்.ஐ.வி. பறிக்கும் ஆயுள் சுமார் 5 ஆண்டு, புகை பறிப்பது 12 ஆண்டு என்று 2013-இல் வெளியான டென்மார்க் ஆய்வு கணக்கிட்டது.

இதெல்லாம் தெரிந்தும் கடைப்பிடிக்க ஏன் முடிவதில்லை? மாத்திரையை டப்பாவில் எண்ணிப் பார்க்கலாம். நடையை எப்படி எண்ணுவது? புரட்டாசி விதைப்பிலிருந்து மிளகாய், பருத்தி எடுத்து முடியும்வரை கால் ஓயாது. கோடையில் திண்ணைதான். அப்போது ஒருவர் விடியலில் கைவீசி நடந்தால், “என்ன, சுகரா?” என்று கேட்காத வீடு இருக்காது. ஆமாம் என்று சொல்லிவிடலாம்; அந்தப் பொய்யில் பாவமில்லை.

“நல்லாச் சாப்பிடுங்க, நடங்க” என்ற பொத்தாம்பொதுவான அறிவுரை எனக்கு உதவாக்கரையாகப் படுகிறது. மாத்திரை போட்ட கையோடு கண்மாய்க்கரை வரை அரை மணி நேரம் என்று சொன்னால் ஒட்டும்.

பீடியை விட முடியவில்லையென்றால் ஏ.ஆர்.டி. மைய ஆலோசகரிடம் மறைக்காதீர்கள். உங்கள் நோய் விவரத்தை ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது. நேரில் பேசத் தயங்குபவர்களுக்கு 1097 என்ற இலவச எண் இருக்கிறது.