ரூபாய்க்கு 10 பைசா... எங்கே போகிறது?



சொத்து வரி கட்டிவிட்டு வந்த என் கணவர், ரசீதை வழக்கம்போல ஃபிரிட்ஜ் மேல் போட்டுவிட்டுப் போய்விட்டார். பீரோவில் வைக்கலாமே என்று எடுத்துப் பார்த்தேன். 'நூலக வரி' என்று இருந்தது.

"ஏங்க, லைப்ரரிக்கு நாம எப்போ பணம் கட்டினோம்?"

"அது காலங்காலமா கட்டறதுதான். உனக்கு இன்னிக்குத்தான் தெரியுமா?" என்று பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

காய்காரரிடம் கொசுறு கொத்தமல்லிக்குக் கூடக் கணக்குப் பார்க்கிற எனக்கு, இத்தனை வருஷமாக இது தெரியாமல் போயிற்றே!

எனக்கு உறைத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் மகள் குரூப் 4 பரீட்சைக்குப் படிக்கிறாள். ஒரே அறை வீடு. டி.வி. சத்தம், தம்பியின் ரகளை. நான்தான் பக்கத்தில் இருந்த ஒரு கிளை நூலகத்துக்கு அனுப்பினேன். ஒரு வாரத்தில் நின்றுவிட்டாள்.

"புக்கெல்லாம் இருக்கு ஆன்ட்டி. அங்க இருக்கிற மேடமும் நல்லாத்தான் பேசறாங்க. ஆனா பாத்ரூம் இல்லை. தண்ணி குடிக்காமகூட உட்கார்ந்து பார்த்தேன், முடியலை" என்றாள். கேட்டதும் மனசு சங்கடப்பட்டுப் போயிற்று.

விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948-இல், சென்னை பொது நூலகச் சட்டம் வந்தது. இதற்குப் பாடுபட்டவர் நூலகத் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன். கல்வி மந்திரியாக இருந்தவர் தி.சு.அவினாசிலிங்கம். அந்தச் சட்டப்படி, சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியையும் மாநகராட்சி வசூலித்து, நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். இன்றைக்கு அது வரியில் ரூபாய்க்கு 10 பைசா. வாடகை வீட்டில் இருப்பவர்களும் 'நமக்கென்ன' என்று இருக்க வேண்டாம். வீட்டுக்காரர் வாடகையை நிர்ணயிக்கும்போது வரியையும் கணக்குப் பார்ப்பார்தானே!

இப்படி வசூலான பணம் நூலகங்களுக்கு முழுசாகப் போய்ச் சேரவில்லை, பாக்கி நிற்கிறது என்று பல வருஷங்களாகப் பத்திரிகைகளில் செய்தி வருகிறது. நாம்தான் தங்கம் விலையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்!

அமெரிக்காவில் சியாட்டில் என்று ஓர் ஊர். அங்கே 1998-இல் நூலகங்களுக்காக 19 கோடியே 64 லட்சம் டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிடலாமா என்று ஜனங்களிடமே ஓட்டுக் கேட்டார்கள். அந்தக் கடனை அடைக்கப் போவது அவர்கள் வீட்டு வரிதான். தெரிந்தே பெரும்பாலோர் 'சரி' என்று குத்தினார்கள். பெரிய மைய நூலகமும் வந்தது, பேட்டைக்குப் பேட்டை கிளைகளும் புதுசாயின. நம் மாநகராட்சியும் 2025-இல் கடன் பத்திரம் வெளியிட்டது, மழைநீர் வடிகாலுக்காக. வேண்டியதுதான், வெள்ளத்தில் தவித்தவர்கள்தானே நாம்! ஆனால் நூலகத்துக்குப் புதுசாகக் கடனோ ஓட்டோ கூட வேண்டாம். நாம் ஏற்கெனவே கட்டுவது போய்ச் சேர்ந்தாலே போதும்.

"கோட்டூர்புரத்தில் அவ்வளவு பெரிய அண்ணா நூலகம் இருக்கே" என்பீர்கள். 2010-இல் திறந்த அது நமக்கெல்லாம் பெருமைதான். அதை 2011-இல் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அறிவிப்பு வந்தபோது, கோர்ட்டுக்குப் போனவர்களால்தான் நூலகம் நூலகமாகவே நின்றது. ஆனால் தினமும் பஸ் ஏறிப் போகக் காசும் நேரமும் இல்லாத பெண்ணுக்குத் தெருக்கோடி நூலகம்தானே கதி?

கேட்டால் கிடைக்கும் சகோதரிகளே. உங்கள் ரசீதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பக்கத்துக் கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். வாசகர் வட்டத்தில் சேருங்கள். வசதி இருந்தால் 1000 ரூபாய் கட்டிப் புரவலராகலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போட்டால், "எவ்வளவு வசூல், எவ்வளவு கொடுத்தீர்கள்" என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். 2022 மாநகராட்சித் தேர்தலில் பாதி வார்டுகளைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். பெண் பிள்ளைக்கு ஒரு கழிப்பறை ஏன் அவசியம் என்று ஒரு பெண் கவுன்சிலருக்கு விளக்கவா வேண்டும்?

நாங்கள் எங்கள் அபார்ட்மெண்டில் ஐந்து பேர் சேர்ந்து மனு எழுதிவிட்டோம். அதுவரை அந்தப் பெண் மத்தியானத்தில் எங்கள் சாப்பாட்டு மேஜையில்தான் படிக்கிறாள். என் கணவரே டி.வி. சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறார் என்றால் பாருங்களேன்!

உங்கள் பேட்டை நூலகம் எப்படி இருக்கிறது? நீங்களும் எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, மயிலாப்பூர்