இணைப்பிலே நேரும் பிழை

வானிலையை முன்கூட்டிக் கணிப்பவர்களும், மூலக்கூறுகளின் சக்தி நிலைகளை ஆராய்பவர்களும் இன்றைக்கும் நம்பியிருக்கும் சாதனங்களுள் முக்கியமானவை, 1957-ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸும் அவருடைய சகாக்களும் உருவாக்கி அளித்த ஃபோர்ட்ரான் மொழியும், அம்மொழியில் பிற்காலத்துக் கணித விற்பன்னர்கள் எழுதிச் சேர்த்த லைப்ரரிகளுமாகும். அணிகளைப் பெருக்குவது போன்ற அடிப்படைக் காரியங்களுக்குப் பிளாஸ் என்பதும், சமன்பாட்டுத் தொகுதிகளைத் தீர்ப்பதற்கு அதன்மேல் எழுந்து 1992-இல் வெளிவந்த லாபேக் என்பதும் உண்டு. இவ்வளவு சம்பத்து இனாமாகக் கிடைத்தும், அதைத் தம் நிரலோடு இணைக்கும் வாசலிலேயே ஆராய்ச்சி மாணவர் பலர் மனம் சோர்ந்துவிடுகிறார்கள்.

கம்பைலர் ஒரு நிரலை இயந்திர மொழியில் பெயர்க்கும்போது, அந்நிரல் வெளியிலிருந்து அழைக்கும் செயற்கூறுகள் எங்கே இருக்கின்றன என்று விசாரிப்பதில்லை. பெயர்களை மட்டும் குறித்துவைத்துத் தன் காரியத்தை முடித்துக்கொள்கிறது. அப்பெயர்களுக்கு உரியவற்றை லைப்ரரிகளில் தேடிப் பொருத்துவது லிங்க்கரின் தொழில். பகிர்வு லைப்ரரிகளாயின், நிரல் ஓடத் தொடங்கும் தறுவாயில் லோடர் அவற்றை மறுபடியும் தேடும். ஆகவே பிழைச் செய்தி வந்தவுடன் முதலில் நிச்சயிக்க வேண்டியது, இம்மூன்றனுள் அதைச் சொல்வது எது என்பதே. இதை நிச்சயிக்காமல், பழுதில்லாத சூத்திரங்களைத் திருத்தப் புகுவது வீண் சிரமம்.

லிங்க்கர் ஒரு நிலைக் குறியீட்டுடன் திரும்பியது என்று முடியும் கடைசி வரியைக் கையில் வைத்துக்கொண்டு பரிகாரம் தேடுவோர் மிகுதி. அவ்வரி, இணைப்பு தோற்றது என்பதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. விஷயமெல்லாம் அதற்கு மேலுள்ள ‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’ என்னும் வரிகளில் இருக்கிறது. பிளாஸில் அணிகளைப் பெருக்கும் செயற்கூறான ‘டிஜெம்’ என்பதன் பெயர் அங்கே காணப்பட்டால், அழைத்தவர் உண்டு, அழைக்கப்பட்டதைத் தந்தவர் இல்லை என்பது பொருள். லைப்ரரியைக் கட்டளையில் குறிப்பிடாமலே இருந்திருக்கலாம். குறிப்பிட்டும் வரிசை பிசகியிருக்கலாம். நிலையான லைப்ரரிகளை லிங்க்கர் இடமிருந்து வலமாக ஒரே முறை பார்த்துச் செல்வதால், பந்தியில் பரிமாறிக் கடந்து போனவர், பிறகு வந்து அமர்ந்தவருக்காகத் திரும்பி வராதது போல, முன்னே வைத்த பிளாஸ், பின்னே வரும் லாபேக்கின் தேவைக்கு உதவுவதில்லை. லாபேக்கை முதலிலும் பிளாஸை அதன் பின்னும் எழுதினால் போதும். இன்னொரு காரணம், ஜிஃபோர்ட்ரான் முதலிய கம்பைலர்கள் ஃபோர்ட்ரான் பெயர்களைச் சிற்றெழுத்தாக்கி, இறுதியில் ஓர் அடிக்கோட்டையும் சேர்ப்பது. அதை அறியாமல் சி மொழியிலிருந்து அழைப்பவர், லைப்ரரியில் இல்லாத பெயரைத் தேடுகிறார். ‘என்எம்’ என்ற கருவி, எந்தப் பெயர் தேவைப்படுகிறது, எது வழங்கப்படுகிறது என்பதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டிவிடும்.

நிரல் ஓடத் தொடங்கும் தறுவாயில் எழும் பிழைக்கு, அது கேட்கும் பகிர்வு லைப்ரரிகளுள் எது கிடைக்கவில்லை என்று காட்டும் ‘எல்டிடி’ என்ற கருவி போதும். ஜிஃபோர்ட்ரான் அடங்கிய ஜிசிசி தொகுப்பின் 8-ஆம் பதிப்பு முதல் அதன் ஃபோர்ட்ரான் லைப்ரரியின் இலக்கம் 5. பழைய கம்பைலரில் ஆக்கிய நிரலோ 3 போன்ற பழைய இலக்கத்தைக் கேட்கும். புதிய கோப்புக்குப் பழைய பெயரைச் சூட்டி லோடரை ஏமாற்றும் தந்திரம் கைக்கொள்ளத் தகாதது. பதிப்பு இலக்கம் மாறியிருப்பதே இரண்டும் ஒவ்வா என்பதற்கு அத்தாட்சி. நிரலைப் புதிய கம்பைலரில் மீண்டும் ஆக்குவதே முறை.

இவையெல்லாம் வாய்விட்டுச் சொல்லும் பிழைகள், ஆதலால் உபகாரிகள். லிங்க்கர் பெயரை மட்டுமே ஒப்பிடுகிறது. அனுப்பும் மதிப்புகளின் வகையை ஒப்பிடுவதில்லை. 64 பிட் முழு எண்ணை எதிர்பார்க்கும் பிளாஸுடன், 32 பிட் முழு எண்ணை அனுப்பும் நிரலை இணைத்தால், இணைப்பு யாதொரு முறையீடுமின்றி நிறைவேறும். பின்னர் நிரல் நடுவழியில் விழுந்தால் அது அதிர்ஷ்டம். விழாமல் தவறான விடையைத் தந்தால், அவ்விடை ஆராய்ச்சிக் கட்டுரை வரையிலும் போய்ச் சேரக்கூடும். லைப்ரரி எந்த அளவு முழு எண்ணுக்கென ஆக்கப்பட்டது என்பதை அதன் ஆவணத்தில் பார்க்காமல் இணைப்பது, விஞ்ஞானத்துக்குச் செய்யும் அபசாரம் என்றே நான் கருதுகிறேன்.

பௌதிகத்திலும் ரசாயனத்திலும் நிரல் எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்த இணைப்பு விஷயத்துக்கென ஒரு வகுப்பையாவது ஒதுக்க வேண்டும். இணைப்பு வெற்றியாக முடிந்ததும், விடை முன்பே தெரிந்த சிறு சமன்பாட்டுத் தொகுதி ஒன்றைத் தீர்த்துச் சரிபார்க்கும் வழக்கத்தையும், கம்பைலர், லைப்ரரி இவற்றின் பதிப்புகளை முடிவுகளோடு குறித்துவைக்கும் வழக்கத்தையும் மாணவர்களுக்கு அங்கேயே பழக்கிவிட வேண்டும்.