முதலில் மிதக்கப் பழகுங்கள், பிறகு படமெடுங்கள்

மெர்சிங் படகுத்துறையிலிருந்து கிழக்கே போனால் ராவா, பெசார், சிபு, திங்கி என்று ஜொகூரின் தீவுகள் அடுத்தடுத்து வரும். இன்னும் தள்ளிப் போனால் பெமாங்கில், அவுர், டாயாங். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து மார்ச் பிறந்ததும், சிங்கப்பூரிலிருந்தும் ஜொகூர் பாருவிலிருந்தும் ஸ்கூபா முக்குளிப்பவர்கள் வார இறுதிகளில் இங்கே வந்து இறங்குகிறார்கள். அவர்களில் பலர் கையில் கேமரா இருக்கிறது. 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் கீழ் 1994இல் இந்தத் தீவுகளைச் சுற்றி 2 கடல் மைல் வரையுள்ள நீர்ப்பரப்பு கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே மீன் பிடிக்கக் கூடாது, பவளத்தை உடைத்து எடுக்கவும் கூடாது. படம் எடுக்கலாம். படம் எடுப்பவர் கடலிலிருந்து எதையும் கொண்டுபோவதில்லை, அதனால் கெடுதலும் செய்வதில்லை என்பது பொது நம்பிக்கை. அதில் பாதிதான் உண்மை. நீருக்கடியில் தன் உடலை அடக்கத் தெரியாதவர் கையில் கேமரா இருந்தால் பவளத்திட்டுக்குச் சேதம்தான். அந்தத் திறமையைக் காட்டிய பிறகே கேமராவோடு இறங்கலாம் என்பதை ஜொகூரின் முக்குளிப்புத் தொழில் கட்டாய விதியாக்க வேண்டும்.

காரணம் ஒளியிலிருந்தே தொடங்குகிறது. கடல்நீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. 10 மீட்டர் ஆழத்தில் செம்பவளமும் சாம்பல் பூத்துத்தான் தெரியும். நிறம் வேண்டுமென்றால் செயற்கை வெளிச்சம் வேண்டும். அந்த வெளிச்சமும் நீரில் வெகுதூரம் போகாது என்பதால் நெருங்கித்தான் எடுக்க வேண்டும். கரைக்குப் பக்கத்திலுள்ள சிபு, திங்கி பகுதிகளில் கடல் ஆழம் குறைவு, நீரும் அடிக்கடி கலங்கலாக இருக்கும். அங்கே இன்னும் நெருங்க வேண்டும். பாறை இடுக்கில் விரல்நுனி அளவே இருக்கும் ஒரு கடல் நத்தையைப் படமெடுப்பவரைப் பாருங்கள். கண் திரையில், இரண்டு கையும் கேமராவில். படம் அசையக் கூடாதென்று மூச்சைப் பிடிக்கிறார். நுரையீரலில் நின்ற காற்று அவரை மெல்ல மேலே தூக்குகிறது. நிலைகொள்ள ஒரு முழங்காலை ஊன்றுகிறார். பின்னால் காலில் மாட்டிய துடுப்பு, அவர் பார்க்காத திசையில், மான்கொம்புப் பவளத்தில் இடிக்கிறது. ஒரு கிளை முறிகிறது. கிளம்பிய மணல் பக்கத்துப் பவளங்களின் மேல் படிகிறது. பவளம் உயிருள்ள விலங்கு. படிந்த மணலைத் தள்ள அது கோழையைச் சுரந்து தன் சக்தியைச் செலவழிக்க வேண்டும். கிளைப் பவளம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வளர்ந்துவிடும். பாறைபோல் திரண்டு வளரும் இனங்களுக்கோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டரே பெரிது.

இது வெறும் ஊகமில்லை. கரீபியக் கடலின் செயின்ட் லூசியா தீவில் 353 முக்குளிப்பவர்களைப் பின்தொடர்ந்து கவனித்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. கேமரா இல்லாதவர்கள் நிமிடத்துக்கு 0.1 முறை பவளத்தைத் தொட்டார்கள். கேமரா வைத்திருந்தவர்கள் 0.4 முறை. நான்கு மடங்கு. அதைவிட முக்கியமான இன்னொரு முடிவும் அதில் இருக்கிறது. இறங்குவதற்கு முன் ‘தொடாதீர்கள்’ என்று ஒரு வரி சொன்னதால் ஒரு மாற்றமும் வரவில்லை. தொடுபவரைப் பார்த்ததும் வழிகாட்டி நீருக்கடியிலேயே தலையிட்டபோதுதான் தொடுவது குறைந்தது. பளிச்சிடும் விளக்கு மீன்களின் கண்ணைக் கெடுக்கும் என்று நம்மில் பலர் கவலைப்படுகிறோம். கடலடியில் வாழும் சிறு மீன்களை வைத்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு, விளக்கைவிட மனிதக் கை அவற்றைத் தொட்டு நகர்த்துவதே பெரிய தொல்லை என்று காட்டியது. நல்ல கோணம் வேண்டுமென்று கம்பியால் ஒரு கடற்குதிரையைத் திருப்பி வைக்கும் வழிகாட்டி, வாடிக்கையாளரை மகிழ்விக்கத்தான் அப்படிச் செய்கிறார். கேட்பவர் இல்லாவிட்டால் அந்தக் கம்பிக்கும் வேலை இல்லை.

கடலே சூடாகிப் பவளம் வெளுத்துச் சாகும் காலத்தில் துடுப்பு பட்டு முறியும் ஒரு கிளை பெரிதா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதல் வெப்பம் சில வாரம் நீடித்தாலே பவளம் தன்னுள் வாழும் பாசியை இழந்து வெளுக்கிறது. 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய வெளுப்பு அறிவிக்கப்பட்டது. இதன் முன்னே ஒரு முக்குளிப்பவரின் முழங்கால் சிறியதுதான். ஆனால் வெளுத்த பவளம் உடனே சாவதில்லை; வெப்பம் தணிந்தால் பாசி திரும்பும், பவளம் பிழைக்கும். அந்த இடைவெளியில் அதற்குத் தேவை தொந்தரவில்லாத சில மாதங்கள். 2010இல் வெளுப்பு வந்தபோது மலேசிய அரசு தியோமான், ரெடாங் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களைத் தற்காலிகமாக மூடியது இதனால்தான். வெப்பத்தைக் குறைப்பது மெர்சிங்கில் உள்ளவர் கையில் இல்லை. முழங்காலை எங்கே வைப்பது என்பது அவரவர் கையில்தான் இருக்கிறது.

படங்கள் இல்லையென்றால் கடலை யார் நேசிப்பார்கள் என்பது இன்னொரு வாதம். இதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். நீந்தவே தெரியாத லட்சக்கணக்கானவர்கள் பவளத்திட்டை அறிந்திருப்பது படங்களால்தான். ஆனால் எந்தப் படம்? நிறம் கூட்டப்பட்ட ஒற்றை நத்தையின் படம் அந்த இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதே பாறையை ஒவ்வொரு பருவமும் ஒரே கோணத்தில், இடம், தேதி, ஆழம் குறித்து எடுத்த சாதாரணப் படமோ ஒரு சாட்சி. ரீஃப் செக் மலேசியாவின் தன்னார்வலர்கள் 100 மீட்டர் நாடாவை விரித்து, அரை மீட்டருக்கு ஒரு புள்ளியாக அடியில் என்ன இருக்கிறது என்று ஆண்டுதோறும் குறிக்கிறார்கள். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் திட்டம் பவளத்தின் நிறத்தை ஒப்பிட ஓர் அட்டையே தந்திருக்கிறது. கேமரா வைத்திருப்பவர்கள் இந்த வேலைக்கு வந்தால், சிபுவின் கடற்புல்வெளியும் அவுரின் பவளமும் எப்படி மாறுகின்றன என்பதற்கு நம்மிடம் கண்கூடான பதிவு இருக்கும். தீவின் நிலம் மாநிலத்தின் பொறுப்பு, சுற்றியுள்ள கடல் பூங்கா கூட்டரசின் பொறுப்பு என்று அதிகாரம் பிரிந்து கிடக்கும் ஊரில், கரையில் வெட்டிய மண் கடலில் எங்கே படிந்தது என்று காட்ட அந்தப் பதிவு மிக அவசியம்.

நல்ல புகைப்படக்காரர்கள் இந்த விதியை எதிர்க்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். கிளம்பிய மணல்துகள் விளக்கொளியில் வெள்ளைப் புள்ளிகளாகி அவர்கள் படத்தையும்தான் பாழாக்குகிறது. முக்குளிப்பு நிலையங்கள் முதல் இறக்கத்தைக் கேமரா இல்லாத சோதனை இறக்கமாக வைக்கட்டும். ஒரு வழிகாட்டிக்குக் கேமராக்காரர் இரண்டு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். தொடுபவரைத் தடுத்த வழிகாட்டியின் பக்கம் முதலாளி நிற்கட்டும். அடுத்த மார்ச்சில் மெர்சிங்குக்குப் பயணம் பதிவு செய்யும் வாசகர்களே, கட்டணம் எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன் இந்த மூன்றும் அங்கே உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு நிலையத்தைப் பாருங்கள்.